ஆண்டவருக்குத் தெரிந்த ஒரு காரியம்

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். இரண்டு பாட்டு முடிந்ததும், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நீள நோட்டு ஒன்றைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். "ஜெபக் குறிப்பு இருக்கறவங்க சொல்லலாமுங்க" என்பார். கைகள் உயரும். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு மகளின் கல்யாணம், ஒருவருக்கு மிளகுக் கொடியில் வாடல் நோய். நடுவில் யாராவது எழுந்து, தரையைப் பார்த்தபடி, "ஒரு காரியத்துக்காக ஜெபிச்சுக்கோங்க. என்னன்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நோட்டில் 'ஒரு காரியம்' என்று ஏறும். மேற்கொண்டு விவரம் கேட்பது மரியாதை இல்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, யாரும் கேட்காமலேயே அந்தக் காரியத்துக்கு நான்கு விவரங்கள் கிளம்பிவிடும் என்பது தனி விஷயம்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஜனவரி கடைசியில் நானும் எழுந்து அப்படி ஒரு காரியத்தைச் சொன்னேன். ஆண்டவருக்குத் தெரியும் என்றேன். பொய் இல்லை. ஆண்டவருக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், பஜாரில் கடை வைத்திருக்கும் பாய்க்குத் தெரியும். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவருக்குத்தான் தெரியாது. அவரை எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து, நான் கெட்டவன் ஆகாமல், எப்படியாவது காலி செய்ய வைக்க வேண்டும் என்பதே அந்தக் காரியம்.

வீடு கரடியூர் போகிற சாலையில் இருக்கிறது. எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுகிறவராக, இருந்த என் அப்பா கட்டியது. சுற்றிலும் அரை ஏக்கர் காபியும் மிளகும். பின்னால் ஒட்டினாற்போல் தகர ஷீட் போட்ட இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளை அக்காவுக்கும் அவர் கணவருக்கும் அப்பாதான் கொடுத்தார். அக்கா அப்போது எஸ்டேட்டில் காபிக்கொட்டை தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். பிறகு ஒரு பள்ளி விடுதியில் ஆயாவாகப் போனார். கணவர் காலமானார். ஒரே மகள் சேலத்தில், ஒற்றை அறையில், மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். அந்த அறையில் இன்னொரு ஆள் படுக்க வேண்டுமானால் ஒரு ஆள் எழுந்து நிற்க வேண்டும். எனவே அக்காவுக்கு இந்த இரண்டு அறைகளை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை. அப்பா வைத்தது. அதை ஏற்றும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இனி என் பக்கம். நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன். இதைத்தான் தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதுக்குப் பென்ஷன் உண்டா?" என்று கேட்டார். நான் எழுதியதில் எதுவும் அந்தக் கேள்வி அளவுக்குச் சிரிப்பு வரவழைத்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அதற்குப் பதில் தெரிய ஆரம்பித்தது. வாரப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. மிச்சமிருந்த ஒன்றின் ஆசிரியர், "எல்லாரும் போன்லயே சிரிச்சுக்கறாங்க சார்" என்றார். பள்ளி ஒன்றில் கிளார்க்காக இருந்த என் மனைவிக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். பேப்பரில் சினிமா விமர்சனத்துக்கு முன்னால் மருத்துவக் காப்பீட்டு விளம்பரத்தைப் படிக்கிறவனாக நான் மாறியிருந்தேன்.

பாய் நல்லவர். சோப்பு, தேன், தைலம், மிளகு என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்பார். அவர்களுக்குத் தங்க இடமும் பிடித்துக் கொடுப்பார். ஒருநாள் எங்கள் மிளகை எடுத்துப்போக வந்தவர் பின்கட்டைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு ரூமு சும்மாதான கெடக்குது சார்?"

"சும்மா இல்லீங்க பாய். ஆள் இருக்காங்க."

"வாடகை?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏரிப் பக்கத்துல நாய் கட்டற இடத்துக்கு அதவிட ஜாஸ்தி வாங்கறாங்க சார்" என்றார்.

பிறகு பின்கட்டு ஜன்னலைக் காட்டி விளக்கினார். காலையில் திறந்தால் எதிரே சேர்வராயன் மலை. மார்ச்சில் காபி பூத்தால் வாசம் உள்ளே வரும். பெங்களூர்க்காரன் வாசத்துக்குத் தனியாகக் காசு கொடுப்பான். ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம். வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று மட்டும் போட்டுவிட வேண்டும். "சித்திரைக்குள்ள ரெடி பண்ணுங்க. சீசன் ஆரம்பிச்சுரும்."

மனைவியிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்க போவாங்க?"

"அதுக்குத்தான் ஜெபத்துல வெக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குன்னு வெப்பீங்க? அவங்களுக்கு எடம் கெடைக்கோணும்னா, நமக்கு எடம் காலியாகோணும்னா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ரெண்டும் ஒண்ணில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பீன்ஸுக்குத் திரும்பினாள். பிறகு, "நேரா போயி அவங்ககிட்டயே சொல்லிருங்க, அதுதான் மொறை" என்றாள்.

ஆண்டவருடைய சித்தம் என்னவென்று பார்ப்போம் என்று நான் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய சௌகரியம். நம் கையால் செய்யக் கூச்சமாக இருப்பதை எல்லாம் சித்தத்தின் தலையில் இறக்கி வைத்துவிடலாம். உலகத்தின் பெரிய பெரிய இறையியல்காரர்களை எல்லாம் படித்து, நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதற்குப் படிப்பே தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை கூட்டம் முடிந்ததும் அக்கா டீ டம்ளரோடு என்னிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, என்ன காரியம்னு எனக்குத் தெரிய வேண்டாம். உன்ற மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நொம்பப் பெரிய காரியம். இந்த வாரத்துல இருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் உபவாசம் இருந்து கேக்கறேன்."

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க அக்கா."

"நீ சும்மா இரு கண்ணு. உங்கப்பா எனக்கு ஊடு குடுத்த மனுசன். அவர் பையனுக்கு நான் இதுகூடச் செய்யாட்டி எப்படி?"

சொல்லிவிட அது சரியான சமயம். டீ சூடாக இருந்தது. நான் டீயைக் குடித்தேன்.

நான் எழுதும் அறைக்கும் அக்காவின் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அக்கா மனதுக்குள் ஜெபிக்கிற ரகம் இல்லை. விடுதியில் எண்பது பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய குரல். முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான் பேனாவைத் திறந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

"அப்பா, முன்னூட்டுத் தம்பி ஒரு காரியம் வெச்சிருக்குது. என்னன்னு உமக்குத் தெரியும். அத நடத்திக் குடுங்கப்பா. நல்ல பையன். கொஞ்சம் சோம்பேறி. அதுக்கு எது தடையா நின்னாலும் எடுத்து அக்கட்டால போடுங்கப்பா."

தடை எதுவென்று ஆண்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தடை முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தது. அன்று என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மேஜையைத் தூக்கி முன் வராந்தாவில் போட்டுக்கொண்டேன். அங்கேயும் கேட்டது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வாரம் எனக்குள் ஒரு நியாயம் பிறந்தது. வேண்டிக்கொள்வது அக்கா. நடந்தால் அவர் வேண்டியது நடந்ததாகத்தான் அர்த்தம். இதில் என் கை எங்கே இருக்கிறது? இதை இப்போது எழுதும்போதே பேனாவைக் கழுவத் தோன்றுகிறது. அன்றைக்கு அது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புது வருஷ ஆராதனையில் எங்களுக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். கூடைக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்குச் சொந்தம். அந்த வருஷம் எனக்கும் அக்காவுக்கும் ஒரே வசனம். அச்சடிக்கிறவர்கள் கட்டுக்கட்டாக ஒன்றையே அடித்திருப்பார்கள். உன்னை விட்டுப் போகமாட்டேன், கைவிடமாட்டேன் என்று கடவுள் சொல்லும் வசனம். எங்கள் அட்டை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தது. அக்காவினுடையது அவர் நிலைப்படிக்கு மேலே.

இந்த அட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று வேதத்தைத் திறந்து அந்த வசனத்தைத் தேடினேன். அட்டையில் இருந்தது பின்பாதி மட்டும். முன்பாதி என்ன சொல்கிறது என்றால், காசின் மேல் ஆசை வைக்காதீர்கள், கையில் இருக்கிறதே போதும் என்று இருங்கள் என்கிறது. ஏனென்றால் நான் கைவிடமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறாரே என்று அதற்குக் காரணமாகத்தான் பின்பாதி வருகிறது. முன்பாதியையும் அச்சடித்தால் ஃபிரிட்ஜில் ஒட்ட ஆள் கிடைக்காது என்று நினைத்திருப்பார்கள்போல.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியுமுங்க" என்றாள்.

"சொல்லவே இல்லையே?"

"நீங்க அத்தன புஸ்தகம் படிக்கிறவரு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன்."

கட்டுரையை எழுதவில்லை. வேதத்தை மூடி வைத்துவிட்டு, பாய்க்குப் போன் செய்து, டாய்லெட்டுக்கு அளவெடுக்க ஆள் அனுப்பச் சொன்னேன். திருந்துவதற்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் அவகாசம் தேவைப்படும்.

அளவெடுக்க வந்த ஆள் டேப்பை நீட்டிக்கொண்டு நேராக அக்காவின் அறைக்குள் போய்விட்டார். அக்கா வெளியே வந்து, "ஏங்கண்ணு, இவரு யாரு?" என்று கேட்டார். "கூரை ஷீட்டு மாத்தணும்னு சொல்லியிருந்தேன் அக்கா, மழைக்கு ஒழுகுதுல்ல" என்றேன். நாக்கில் தானாக வந்தது. எழுத்தாளனுக்குக் கற்பனை வேண்டாத இடத்தில்தான் நன்றாக ஓடும்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "பாருங்க, அத்தனை பெரிய கஷ்டத்துலயும் தம்பி என்ற கூரைய நெனச்சிருக்குது" என்று அந்த ஆளிடம் சொன்னார். அந்த ஆள் தரையை அளந்தபடி என்னைப் பார்த்தார். கூரையை மாற்றுகிறவன் ஏன் தரையை அளக்கிறான் என்று அக்கா கேட்கவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை. காபி பூத்திருந்தது, தோட்டம் முழுக்க வெள்ளை. பதினோரு மணி இருக்கும். "எது தடையா நின்னாலும்" என்பது வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் உருளும் சத்தம். நான் பின்பக்கம் ஓடினேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க வேர்வை. கை நடுங்கியது. காலையில் சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, அதன்மேல் உபவாசமும் இருந்திருக்கிறார். அவர் சமையலறையிலேயே சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அந்த டப்பாவைத் தேடிய நேரத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் காரியம் கைகூடப் போகிறது, நான் கேட்டபடியே, என் கை படாமல்.

ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

"மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருக்க விடுவீங்களா? நீங்க மகனா?"

"மகனில்லீங்க, ஊட்டு ஓனருங்க" என்றார் அக்கா. "டாக்டரம்மா, அவரத் திட்டாதீங்க. நான் எனக்காக உபவாசம் இருக்கல. அவருக்காகத்தான் இருந்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார வைத்து பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அக்கா பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். தெளிந்துவிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கெழம மாத்திரையப் போடாம இருந்துக்கறேன் கண்ணு. அப்பத் தலை சுத்தாது."

அதற்கு மேல் குடிப்பதற்கு என்னிடம் டீ இல்லை. சொல்லிவிட்டேன். பாய், பெங்களூர்க்காரர்கள், ஜன்னல், டாய்லெட், கூரை ஷீட் என்று நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். அக்கா மெல்வதை நிறுத்தவில்லை. கடைசி வாயை விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"அப்ப அந்தத் தடை நான்தானா?"

"ஆமாங்க அக்கா."

"அஞ்சு வெள்ளிக்கெழம."

"ஆமாங்க."

"பச்சத் தண்ணி பல்லுல படாம, நானே என்னைய எடுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் ஏரியில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நேரா வந்து கேட்டிருந்தீன்னா, 'போடா, நான் போக மாட்டேன்'னு நேரா சொல்லியிருப்பேன். இல்ல, மூட்டையக் கட்டியிருப்பேன். ஆண்டவர எதுக்குடா நடுவுல புரோக்கரா வெச்ச?"

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பேக்கரியில் 'டா' வாங்கினேன். குறைவாகத்தான் வாங்கினேன்.

"இப்பச் சொல்லு. நான் இருக்கட்டா, போகட்டா? ஆண்டவருக்குத் தெரியும்னு மட்டும் சொன்னீன்னா இந்த டீய உன்ற தலைமேல ஊத்திருவேன்."

"இருங்க அக்கா."

"அப்பறம் சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"தெரியலீங்க. அதுதான் பயமா இருக்கு."

"பயமா இருக்குதா? அப்ப அதச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று சொல்லிவிட்டு இன்னொரு பன் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை நோட்டு திறந்ததும் எழுந்தேன். ஜனவரியில் நான் சொன்ன காரியத்தை அடித்துவிடச் சொன்னேன். "ஜெயமா?" என்று நோட்டுக்காரர் ஆவலோடு கேட்டார். இல்லை, நான் வாபஸ் வாங்குகிறேன் என்றேன். எங்கள் சபை வரலாற்றில் ஜெபக் குறிப்பை வாபஸ் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னேன்: வயதான காலத்தில் கையில் காசு இருக்காதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். முட்டி வலியை எல்லாரும் புரிந்துகொள்வார்கள். இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. நோட்டுக்காரர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"காசுன்னு எழுதட்டுமா, பயம்னு எழுதட்டுமா?"

இரண்டு வரிசை முன்னாலிருந்து அக்கா திரும்பிப் பார்த்தார்.

"பயம்னு எழுதுங்க" என்றேன்.

சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கூரியர் வந்ததாகவும், அதில் செக் இருந்ததாகவும் சொல்வார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. அந்த வருஷமே மிச்சமிருந்த பத்திரிகையும் நின்றுபோனது. பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க சாமி வேண்டாம்னு சொல்லிருச்சா சார்?" என்றார். சாமி சொல்லவில்லை, அக்காதான் சொன்னார் என்றேன். "அப்பச் சரி" என்று மிளகுக்குச் சாக்கு விரித்தார். டாய்லெட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் பின்கட்டுக் கூரைக்குப் புது ஷீட் போட்டோம். பொய்யை மெய்யாக்க அதுதான் வழியாக இருந்தது. மனைவி போன வருஷம் ஓய்வு பெற்றாள். நான் கல்யாணப் பத்திரிகை வாசகம் எழுதித் தருகிறேன், பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். போதுமா என்று கேட்டால், சில மாதம் போதும். சில மாதம் ஃபிரிட்ஜின் மேல் உள்ள அட்டையை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய அட்டையை நான் எடுக்கவில்லை. முன்பாதியை என் கையாலேயே மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து மோசம். ஆனாலும் படிக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் பட்டினி போட்ட ஐந்து வெள்ளிக்கிழமைக்கு ஈடாக ஐந்து சாப்பாடு என்று அவர்தான் விதித்தார். அந்த ஐந்து முடிந்து மூன்று வருஷமாகிறது. போன வாரமும் வந்து உட்கார்ந்தார். சாம்பாரை விரலால் தொட்டுப் பார்த்து, உப்பு இல்லை என்றார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடியதும், எண்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அப்பா, இந்தப் பையனுக்கு இன்னும் பயம் போகல. எனக்கும் வயசாகுது. சீக்கிரம் பாத்து எதாச்சும் செய்யுங்கப்பா. ஆமென். அந்த அப்பளத்த எடு கண்ணு."